பல்லுக்கும் பருவம் உண்டு

கொழும்பிலே பொரளைச் சந்தியைச் சூழ்ந்த பகுதியை வைத்தியசாலைகளின் வட்டாரம் என்றே சொல்லிவிடலாம். 1895ஆம் ஆண்டில் தோன்றிய சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை அங்கே இருக்கிறது. அதன் அயலிலே மருத்துவ ஆராய்ச்சி நிலையம். காசல் வீதியிலே மகளிர் வைத்தியசாலை. சந்தியிலிருந்து லிப்டன் சுற்றுவட்டத்தை நோக்கி நீளும் வார்ட் பிளேசிலே தேசிய பல் வைத்தியசாலை. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும், அவற்றினும் மிகத் தொலைவான ஊர்களிலிருந்தும், பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு பெற்றோர் இந்த வட்டாரத்துக்கு வந்து இறங்குகின்றனர். அவர்களுள் ஒரு சாரார் பிள்ளையின் பல்வரிசையைச் சீராக்கவேண்டும் என்று வருபவர்கள். அவர்களை மனத்திற்கொண்டே இன்றைய பேச்சு அமைகிறது.

அவ்வாறு வருபவர்களிற் பலர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு வருகின்றனர். சிரிக்கும்போது பிள்ளை கையால் வாயை மறைத்துக்கொள்கிறது. மேல் வேட்டைப்பல் வரிசையை விட்டு விலகி உயரத்திலே துருத்திக்கொண்டிருக்கிறது. கீழ் முன்பற்கள் ஒன்றோடொன்று தெற்றி நிற்கின்றன. "கம்பி போட்டால் எத்தனை மாதத்தில் நேராகும், டொக்டர்?" என்று தாய் கேட்கிறார். வைத்தியரோ பதிலுக்கு வேறொரு கேள்வி கேட்கிறார்: "பிள்ளைக்குப் பாற்கடைவாய்ப்பற்கள் எந்த வயதிலே போயின, அம்மா?" அதற்குப் பலரும் சொல்லும் விடை இதுதான்: "ஐந்து வயதிலேயே சூத்தை பிடித்துக் கழற்றிவிட்டோம். விழப்போகிற பல்தானே!"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே ஏழு வருடங்கள் கிடக்கின்றன. பல்வரிசையின் தலையெழுத்திற் பெரும்பகுதி அந்த ஏழு வருடங்களிலே எழுதப்பட்டுவிடுகிறது. பதின்மூன்றாம் வயதிலே பல் வைத்தியர் செய்யும் வேலையில் ஒரு பாதி, ஆறாம் வயதிலே நாம் செய்யாமல் விட்ட வேலையாகவே இருக்கக் காண்கிறோம்.

பாற்பற்கள் இருபது. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முதற்பல் முளைக்கும். இரண்டரை, மூன்று வயதளவில் இருபதும் நிறைவுறும். ஆறு வயதளவிலே முன்பற்கள் ஆடத் தொடங்கும். ஆனால், பாற்கடைவாய்ப்பற்களின் முறை வருவது ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட வயதிலேதான். ஆகவே, விழப்போகும் பல் என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் அந்தப் பல், பத்து வயது வரையிலேனும் பிள்ளையின் வாயில் வேலை செய்தாகவேண்டும். உணவை மெல்லுவது அதன் முதல் வேலை. இரண்டாவது வேலை கண்ணுக்குப் புலப்படாதது. தனக்குப் பின்னால் வரவிருக்கும் நிலையான பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. சனம் நிறைந்த பஸ்ஸிலே கைக்குட்டையைப் போட்டு ஆசனம் பிடிப்பார்களே, அதைப் போன்றதொரு வேலை.

கைக்குட்டையை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்? பக்கத்திலிருப்பவர் நகர்ந்து அமர்ந்துவிடுவார். வாயிலும் அதுவே நடக்கிறது. ஐந்து வயதிலே பாற்கடைவாய்ப்பல் போனால், ஆறு வயதில் அதன் பின்னால் முளைக்கும் நிலையான கடைவாய்ப்பல் முன்னோக்கிச் சரிந்து அந்த வெற்றிடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பத்து, பதினொரு வயதிலே உரிமைக்காரப் பல் வரும்போது அதற்கு இடம் இல்லை. அது உட்பக்கமாக முளைக்கும், அல்லது எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். மேல் வேட்டைப்பல்லோ இவற்றுக்கெல்லாம் பிந்தி, பதினொரு, பன்னிரண்டு வயதிலே வருவது. பந்திக்குப் பிந்தி வந்தவனுக்கு இலை கிடைக்காததுபோல, அது வரிசைக்கு வெளியே நின்றுவிடுகிறது. சிங்கப்பல் என்று சிலர் செல்லமாகச் சொல்வது பெரும்பாலும் இடம் கிடைக்காத இந்தப் பல்லையே.

தெற்றுப்பல் அனைத்துக்கும் சூத்தையே காரணம் என்று கூறிவிட முடியாது. தாடையின் அளவும் பல்லின் அளவும் பரம்பரை வழியாக அமைபவை. நிலையான முன்பல் முளைத்த பின்னரும் விரல் சூப்பும் பழக்கம் தொடருமானால் மேற்பற்கள் மிதந்து வருவதும் உண்டு. ஆயினும், பரம்பரையை நாம் மாற்ற முடியாது. சூத்தையைத் தடுக்க முடியும். பெற்றோரின் கைக்கு எட்டிய காரணம் அதுதான். அதனாலேதான் அதைப்பற்றி இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

இங்கே ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இந்தப் பல் எந்தப் பாற்பல்லும் விழாமலேயே, பாற்பல் வரிசையின் கடைசியில் ஓசைப்படாமல் முளைக்கிறது. பல் விழுந்தால்தான் புதுப்பல் வரும் என்று எண்ணியிருக்கும் தாய்மார் இதனையும் பாற்பல் என்றே கருதிவிடுகின்றனர். அதிலே கரும்புள்ளி தோன்றினாலும், "இது விழுந்து வேறு பல் வரும்" என்று இருந்துவிடுகின்றனர். அது விழுந்தால் வேறு பல் வராது. அமெரிக்காவைச் சேர்ந்த எட்வர்ட் ஹார்ட்லி ஆங்கிள் என்பவர் 1899ஆம் ஆண்டிலே பற்களின் பொருத்தக்கேடுகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். இன்றும் உலகெங்கும் பல் வைத்தியர்கள் வழங்கும் அந்தப் பாகுபாட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் இந்தக் கடைவாய்ப்பல்தான். மேல், கீழ்த் தாடைகளின் உறவு முழுவதையும் அவர் எந்தப் பல்லைக் கொண்டு அளந்தாரோ, அந்தப் பல்லையே நாம் பாற்பல் என்று எண்ணிச் சூத்தைக்கு விட்டுவிடுகிறோம்!

இதனைக் காக்க நமது நாட்டிலே வழி இல்லாமல் இல்லை. பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைக் கவனிப்பதற்கென்றே தனியாகத் தாதியரைப் பயிற்றுவிக்கும் முறையை நியூசிலாந்து 1921ஆம் ஆண்டிலே தொடங்கியது. அந்த முன்மாதிரியைப் பின்பற்றி, 1950களிலே மகரகமவில் நமது நாட்டுக்குரிய பயிற்சி அமைந்தது. இன்று பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என வழங்கப்படும் இவர்கள், மூன்று வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கின்றனர். பாற்பல்லின் சூத்தையை அடைப்பது அவர்களின் அன்றாட வேலை. "விழப்போகிற பல்லை ஏன் அடைக்கிறீர்கள்?" என்று அவர்களிடம் கேட்கும் பெற்றோர், அது பல்லுக்கு மட்டுமன்றி இடத்துக்கும் செய்யும் காவல் என்பதை உணரவேண்டும். கழற்றியே தீரவேண்டிய நிலை வந்துவிட்டால், அந்த இடம் மூடாதிருக்கச் சிறு கம்பி வளையம் ஒன்றைப் பொருத்தி வைக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்க மறக்கலாகாது. பின்னாளிலே இரண்டு வருடக் கம்பியை இந்தச் சிறு வளையம் சில வேளைகளில் மிச்சப்படுத்திவிடும்.

பருவத்துக்கு முன்னே போவது ஒரு தீங்கு என்றால், பருவம் கடந்தும் இருப்பது மற்றொரு தீங்கு. மேல் வேட்டைப்பல் சில பிள்ளைகளுக்கு, நூறு பேரில் இருவரளவிலானோருக்கு, வழி தவறி அண்ணத்துப் பக்கமாகத் திரும்பிவிடுகிறது. வெளியிலே எதுவும் தெரியாது. பாற்பல் ஆடாமல் அப்படியே நிற்கும். "நல்ல உறுதியான பல்!" என்று வீட்டார் மகிழ்வர். உள்ளேயோ வழி தவறிய பல் அடுத்துள்ள முன்பல்லின் வேரை அரித்துக்கொண்டிருக்கவும் கூடும். 1988ஆம் ஆண்டிலே எரிக்சன், குரோல் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இருவர், இத்தகைய பிள்ளைகளுக்குப் பத்து முதல் பதின்மூன்று வயதுக்குள் பாற்பல்லாகிய வேட்டைப்பல்லைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தனர். அவர்கள் கவனித்த 46 பற்களுள் 36 பற்கள் தாமாகவே நேர்வழிக்குத் திரும்பின. சத்திரசிகிச்சை செய்து, சங்கிலி கோத்து, மாதக்கணக்காக இழுத்துக் கொண்டுவரவேண்டிய பல்லை, தக்க பருவத்திற் செய்த சிறு செயல் தானாக வரச் செய்தது. ஆதலால், ஒன்பது, பத்து வயதிலே வேட்டைப்பல்லின் புடைப்பு மேல் முரசிலே விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று வைத்தியரைக் கொண்டு ஒருமுறை பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

இனி, கம்பியின் வேலையைச் சிறிது நோக்குவோம். கம்பி பல்லைப் பிடித்து இழுத்து நேராக்குகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே, ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்களவு தடிப்புள்ள மெல்லிய நார்ப்படை ஒன்று இருக்கிறது. பல்லை ஒரு பக்கமாக மெல்ல அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்திலே எலும்பு கரைகிறது. மறுபக்கத்திலே புது எலும்பு படிகிறது. இதனைச் சுவீடனைச் சேர்ந்த சாண்ட்ஸ்டெட் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாயின் பற்களிற் பரிசோதித்துக் காட்டினார். 1932ஆம் ஆண்டிலே சுவார்ட்ஸ் என்பவர், வேரின் ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்புக்கு 20 முதல் 26 கிராம் வரையிலான அழுத்தமே தக்கது எனக் கணித்தார். நுண்ணிய இரத்தக் குழாய்களிலே ஓடும் இரத்தத்தின் அழுத்தத்தை அது மிஞ்சக்கூடாது என்பது அவருடைய கருத்து. மிஞ்சினால் அவ்விடத்திலே இரத்த ஓட்டம் தடைப்படும். பல் நகர்வதும் தடைப்படும். வேர் தேய்வதற்கும் இடமுண்டாகும்.

ஆகவே, "கொஞ்சம் இறுக்கிவிடுங்கள், டொக்டர், கெதியாக முடியட்டும்" என்று கேட்பதிற் பயனில்லை. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நகர்வதே நல்ல வேகம். சிகிச்சை ஒன்றரை, இரண்டு வருடம் செல்வது வைத்தியரின் சோம்பலால் அன்று. எலும்பு தன் கணக்கிலேதான் கரையும், தன் கணக்கிலேதான் படியும்.

"பல்லைக் கழற்றித்தான் ஆகவேண்டுமா?" என்பது பெற்றோரை மிகவும் கலங்கச் செய்யும் கேள்வி. இது வைத்தியர்களையே இரண்டு கட்சியாக்கிய கேள்வியுமாகும். எந்தப் பல்லையும் கழற்றாமலே வரிசையைச் சீராக்கவேண்டும் என்பது ஆங்கிளின் உறுதியான கொள்கை. அவருடைய மாணாக்கராகிய சார்ல்ஸ் ட்வீட், அந்தக் கொள்கையின்படி சிகிச்சை பெற்ற தம் நோயாளர் பலரின் பற்கள் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பியதையும், உதடுகள் முன்தள்ளி நின்றதையும் கண்டார். பின்னர் முன்கடைவாய்ப்பற்கள் நான்கைக் கழற்றி அவர்களுக்கு மீண்டும் சிகிச்சை செய்து, 1940ஆம் ஆண்டளவிலே அப்பயனை உலகத்துக்குக் காட்டினார். ஆங்கிளிடம் பயின்ற மற்றொருவரான அவுஸ்திரேலியாவின் ரேமண்ட் பெக்கும் கழற்றும் முறையையே கைக்கொண்டார். இன்று எந்தக் கட்சியும் முழு வெற்றி பெற்றதாகக் கூற முடியாது. பற்களின் அகலத்தை அளந்து, தாடையின் அச்சை எடுத்து, எக்ஸ்ரே படத்திலே முகத்தின் அமைப்பை ஆராய்ந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. ஒருவர் கழற்றச் சொன்னார், இன்னொருவர் வேண்டாம் என்றார் என்று கேட்டு மனம் குழம்பவேண்டாம். ஏன் என்று கேளுங்கள். காரணத்தைத் தெளிவாக எடுத்துச் சொல்பவரை நம்புங்கள்.

மிதந்த மேற்பல்லைப் பற்றியும் ஒரு கேள்வி எழும். எட்டு வயதிலேயே சிகிச்சையைத் தொடங்குவதா, பன்னிரண்டு வரை பொறுப்பதா? பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது இது: முந்தித் தொடங்கியவர்களும் பொறுத்துத் தொடங்கியவர்களும் முடிவிலே ஏறக்குறைய ஒரே பலனையே அடைகின்றனர். ஆனால், முந்தித் தொடங்கியவர்களிடையே முன்பல் அடிபட்டு உடைவது குறைகிறது. மேற்பல் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் முன்னே நிற்கும் பிள்ளைக்கு, விழுந்து பல் உடையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. முற்றத்திலே கிரிக்கெட் ஆடித் திரியும் பிள்ளையானால் வைத்தியர் சிறிது முந்தித் தொடங்க நினைக்கலாம். அமைதியான பிள்ளையானால் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம். இங்கே அழகைக் காட்டிலும் பல்லின் பாதுகாப்பே முதலில் எண்ணத்தக்கது.

பருவம் அறிந்து செய்தல் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆராய்ச்சியொன்றுக்கு நமது நாடே நிலைக்களமாயிற்று என்பதை நேயர்களிற் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். ஏறத்தாழ எழுநூறு பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவிலே உலகெங்கும் குழந்தைகள் பிளவுபட்ட உதட்டோடோ அண்ணத்தோடோ பிறக்கின்றன. சத்திரசிகிச்சை பெற்று வளர்ந்தவர்களிற் பலருக்கு மேல்தாடை பின்தங்கி நிற்பதை வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். இது பிறவிக் குறையா, கத்தி பட்ட வடுவின் விளைவா என்பது தெரியவில்லை. மேல்நாடுகளிலே அனைவருக்கும் குழந்தைப் பருவத்திலேயே சத்திரசிகிச்சை நடந்துவிடுவதால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. லண்டன் கிரேட் ஓர்மண்ட் தெருச் சிறுவர் வைத்தியசாலையின் பற்சீராக்கல் நிபுணர் மைக்கேல் மார்ஸ், 1980களிலே காலிக்கு வந்தார். சிகிச்சையே பெறாமல் வளர்ந்துவிட்ட பெரியவர்களை அவரும் அவருடைய குழுவினரும் அங்கே கண்டனர். அவர்களுக்குச் சிகிச்சை அளித்ததோடு அவர்களின் முக வளர்ச்சியையும் அளந்தனர். 1990ஆம் ஆண்டிலே வெளியான அந்த ஆய்வு, சத்திரசிகிச்சை பெறாதோரின் மேல்தாடை பெரும்பாலும் இயல்பாகவே வளர்ந்திருந்தது என்பதைக் காட்டியது. அப்படியானால் சத்திரசிகிச்சையே வேண்டாம் என்பதா? அன்று. அண்ணம் மூடாத குழந்தைக்குப் பேச்சுத் தெளியாது. பேச்சுத் தெளியாத பிள்ளை பாடசாலையிலும் சமூகத்திலும் படும் துன்பம் பெரிது. எந்த வயதிலே, எவ்வளவு நுட்பமாகத் தையல் போடவேண்டும் என்பதே அந்த ஆய்வு தந்த பாடம். வாழ்நாள் முழுவதும் பிளவோடு வாழ்ந்த நம் நாட்டு ஏழை மக்களின் முகங்கள் உலகத்துக்கே அப்பாடத்தைக் கற்பித்தன.

கம்பி பொருத்திய பின்னர் வரும் இடர்களையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, தூய்மை. கம்பியைச் சுற்றி உணவு தங்கினால், நான்கு வாரங்களுக்குள்ளேயே பல்லின் மேற்பரப்பிலே வெண்புள்ளி தோன்றக்கூடும். அது சூத்தையின் முதற்படி. பல் நேராகி, கம்பியைக் கழற்றும்போது நான்கு மூலையிலும் வெள்ளைத் தழும்போடு நிற்பது எவ்வளவு வருத்தத்துக்குரியது! ஆதலால், சூத்தையும் முரசு வீக்கமும் உள்ள வாயிலே பொறுப்புள்ள வைத்தியர் கம்பி பொருத்தமாட்டார். முதலில் வாயைச் சுத்தமாக்கி வரச் சொல்வார். முறுக்கும், கச்சானும், ஒட்டும் டொபியும் கம்பிக்குப் பகை என்பதையும் பிள்ளைகள் நினைவில் வைக்கவேண்டும்.

இரண்டாவது, இடையிலே நிறுத்திவிடுதல். சோதனை வருகிறது, கல்யாணம் வருகிறது, வெளிநாட்டுப் பயணம் வருகிறது. கம்பி வாயிலே கிடக்க, பிள்ளை சிகிச்சை நிலையத்துக்கு வருவதில்லை. அரைவழியில் விட்ட பல், தொடங்குமுன் இருந்ததிலும் கேடான இடத்திலே நின்றுவிடலாம். அரசாங்க வைத்தியசாலையிலே சிகிச்சைக்குக் காத்திருப்போர் பலர். ஒருவர் பெற்ற முறையைப் பாதியிலே கைவிடுவது, பின்னால் நிற்கும் இன்னொரு பிள்ளையின் முறையையும் வீணாக்குவதாகும்.

மூன்றாவது, கம்பி கழன்ற பின்னர் வரும் அலட்சியம். இரண்டு வருடம் பொறுத்தவர்கள், பல்லைப் பிடித்து வைக்கும் சிறு தகட்டை இரவிலே அணியப் பொறுப்பதில்லை. பல்லைச் சூழ்ந்த நார்கள் புதிய இடத்துக்குப் பழகப் பல மாதங்கள் வேண்டும். முரசின் நார்களுக்கு ஒரு வருடம் அளவில் வேண்டும். அதுவரை பல்லின் மனம் பழைய இடத்திலேயே இருக்கிறது.

நான்காவது, மிகவும் ஆபத்தானது. தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா முதலிய நாடுகளிலே அலங்காரத்துக்காகக் கம்பி ஒட்டும் கடைகள் தோன்றி, அவற்றால் வந்த கேட்டைத் தடுக்க அரசாங்கங்கள் தலையிட வேண்டியதாயிற்று. வேரின் நீளமும் எலும்பின் நிலையும் அறியாதவர் ஒட்டும் கம்பி, பல்லை நகர்த்தாமல் விடுவதில்லை. தவறான இடத்துக்கு நகர்த்திவிடும். பதிவு பெற்ற பல் வைத்தியரிடமன்றி வேறெவரிடமும் வாயைத் திறக்கலாகாது. எக்ஸ்ரே படமும் எடுக்காமல், பல்லின் அச்சும் எடுக்காமல் அன்றைக்கே கம்பி ஒட்ட முன்வருபவரிடமிருந்து விலகுவதே நலம்.

நேயர்களே, இவ்வளவையும் வீட்டுக்குரிய சில கடமைகளாகத் தொகுத்துக் கூறுகிறேன். முதற்பல் முளைத்த நாளிலிருந்தே பல் துலக்கத் தொடங்குங்கள். புளோரைட் கலந்த பற்பசையை மூன்று வயது வரை அரிசிமணி அளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் இடுங்கள். சீனி கலந்த பாலைப் போத்தலில் ஊற்றிக் குழந்தையின் வாயிலே வைத்தபடி உறங்கவிடாதீர்கள். ஆறு வயதிலே வரிசையின் கடைசியைப் பாருங்கள். அங்கே முளைத்திருப்பது ஆயுட்காலப் பல். ஏழு வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் இடையில் ஒருமுறை, நோவு ஒன்றும் இல்லாவிட்டாலும், பல் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் "இப்போது ஒன்றும் செய்யவேண்டாம், ஆறு மாதத்தின் பின் வாருங்கள்" என்று சொன்னால், வீணாக வந்தோம் என்று எண்ணாதீர்கள். பருவம் பார்த்துக் காத்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

பல் போனால் சொல் போகும் என்பது பழமொழி. நிலையான பல்லை மனத்திற்கொண்டே அதனைச் சொல்லி வந்திருக்கிறோம். அந்த நிலையான பல் சரியான இடத்திலே வந்து அமர்வதற்கு, விழப்போகும் சின்னஞ்சிறு பல் ஒன்று பத்து வருடம் காவல் நிற்கிறது. அது தன் காவலை முடித்துத் தானாக விழும் நாள் வரை, அதனைக் காப்பது பெற்றோராகிய உங்கள் பொறுப்பு.